65 கோடுகளின் விலை: அமெரிக்க மொத்த அஞ்சலும் புதிய பார்கோடும்

கேள்வி

அமெரிக்காவில் வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ வீடுகளுக்கு அனுப்பும் உறைகளில், முகவரியை ஒட்டி ஏழெட்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய கோடுகள் வரிசையாக அச்சாகியிருக்கும். எண்ணினால் 65 இருக்கும். சில மேல்நோக்கி நீண்டவை. சில கீழ்நோக்கி இறங்கியவை. சில இருபுறமும் நீண்டவை. சில நடுவில் குட்டையாக நிற்பவை. இதன் பெயர் இன்டெலிஜென்ட் மெயில் பார்கோடு. 2006இல் அறிமுகமான இது, 2013 ஜனவரி 28 முதல் தானியங்கிப் பிரிப்புக்கான கட்டணச் சலுகையைக் கோரும் எல்லோருக்கும் கட்டாயமானது. அதற்கு முன் முப்பது ஆண்டு புழக்கத்தில் இருந்த போஸ்ட்நெட் என்ற பார்கோடு அன்றோடு அந்தச் சலுகைக்கான தகுதியை இழந்தது.

இந்த மாற்றத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மூன்று தடங்களில் நடந்திருக்கிறது. அமெரிக்க அஞ்சல் சேவை இதை வெளிச்சத்தின் கதையாகச் சொல்கிறது: பெட்டியில் போட்டபின் எங்கே போகிறது என்று தெரியாமல் இருந்த தபாலை, ஒவ்வொரு கட்டத்திலும் பார்க்கும்படி செய்தது புதிய பார்கோடு. மொத்தமாகத் தபால் அனுப்புவோர் இதைச் செலவின் கதையாகச் சொல்கிறார்கள்: மென்பொருள், அச்சு, ஆவணம், தவறினால் அபராதம். தொழிற்சங்கப் பார்வையில் இது ஆட்குறைப்பின் நீண்ட வரலாற்றில் இன்னொரு பக்கம். மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றும் பார்கோட்டை ஒரு கருவியாக மட்டுமே பார்க்கின்றன. அந்தக் கோடுகளை அச்சிடுவது ஒரு நிபந்தனை; அந்த நிபந்தனையை நிறைவேற்றாதவருக்கு வேறு விலை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: கடிதத்தைப் பிரிக்கவும் பின்தொடரவும் தேவைப்படும் உழைப்பில் எவ்வளவு பங்கு இந்தக் கோடுகள் வழியாக அஞ்சலகத்திலிருந்து அனுப்புநரின் மேசைக்கு நகர்ந்தது? அந்த நகர்வைக் கட்டண உயர்வு என்று சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் எல்லா இடத்திலும் அல்ல என்பது இக்கட்டுரையின் வாதம். எங்கே சொல்லலாம், எங்கே கூடாது என்பதைப் பிரித்துக் காட்டுவதற்குக் குறியீட்டின் உள்ளமைப்பையும் அதைச் சுற்றி நடந்த வழக்கையும் ஒருசேரப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மனப்பாடத்திலிருந்து கோட்டுக்கு

ஒரு காலத்தில் அமெரிக்கத் தபால் பிரிப்பு எழுத்தர்களின் நினைவாற்றலில் நடந்தது. எந்தத் தெருவின் எந்த எண்கள் எந்தத் தபால்காரரின் பீட்டில் விழும் என்பதை எழுத்தர் மனப்பாடம் செய்து, தேர்வெழுதித் தேற வேண்டும். 1963 ஜூலை 1 அன்று அறிமுகமான ஐந்து இலக்க ஜிப் கோடு அந்த நினைவை எண்ணாக மாற்றிய முதல் பெரிய படி. நம் ஆறு இலக்கப் பின்கோடு வந்தது ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1972இல்.

எண் வந்தும் இயந்திரம் போதவில்லை. 1966 அக்டோபரில், அப்போது உலகிலேயே பெரிய அஞ்சலகக் கட்டடமான சிகாகோ தலைமை அஞ்சலகம் ஏறத்தாழ மூன்று வாரம் ஸ்தம்பித்தது. ஒரு கோடி உருப்படிகளுக்குமேல் தேங்கின. இந்த நெருக்கடியையும் 1970 மார்ச் வேலைநிறுத்தத்தையும் தொடர்ந்து வந்த சட்டத்தால், அமைச்சரவைத் துறையாக இருந்த அஞ்சல் 1971இல் தன் செலவைத் தானே ஈட்டவேண்டிய அமைப்பானது. செலவைக் குறைக்க அது எடுத்த வழிகளில் மிக நீடித்த விளைவை உண்டாக்கியது வேலைப் பகிர்வு. 1976இல் முதல் வகுப்புத் தபாலுக்கு முன்பிரிப்புச் சலுகை வந்தது. அஞ்சலகம் செய்யவேண்டிய பிரிப்பை அனுப்புநரே ஜிப் கோடு வாரியாகச் செய்து கொண்டுவந்தால், அதனால் மிச்சமாகும் செலவில் ஒரு பங்கு அவருக்குக் குறைந்த கட்டணமாகத் திரும்பும். பார்கோடு தொடர்பான எல்லாத் தகராறுகளுக்கும் வேர் இந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

1980களின் தொடக்கத்தில் வந்த போஸ்ட்நெட் இந்த ஏற்பாட்டில் இயல்பாகப் பொருந்தியது. அதன் எளிமை வியக்கத்தக்கது. அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது பின்னால் வருவதைப் புரிந்துகொள்ள உதவும். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஐந்து கோடுகள். அவற்றில் இரண்டு மட்டும் உயரமானவை, மூன்று குட்டை. இடங்களின் மதிப்பு வரிசையாக 7, 4, 2, 1, 0. உயரமான கோடுகள் நிற்கும் இடங்களின் மதிப்பைக் கூட்டினால் இலக்கம் வந்துவிடும்: 4, 2 இரண்டும் உயரமானால் 6. பூஜ்யத்துக்கு மட்டும் விதிவிலக்கு. 7, 4 இரண்டும் உயரமாக இருக்கும். சிகாகோவின் ஜிப் கோடுகளில் ஒன்றான 60607ஐ எடுத்துக்கொண்டால், இலக்கங்களின் கூட்டுத்தொகை 19. அதைப் பத்தின் மடங்காக்க 1 தேவை. அதுவே சரிபார்ப்பு இலக்கமாகக் கடைசியில் சேரும். ஆறு இலக்கங்களுக்கு 30 கோடுகள், இரு முனைகளிலும் எல்லை காட்ட ஒவ்வொன்று, ஆக 32. ஒரு கோடு மை மங்கித் தவறாகப் படிக்கப்பட்டால் அந்த இலக்கத்தில் உயரக் கோடுகள் இரண்டாக இருக்காது. பிழை அங்கேயே தெரிந்துவிடும். மற்ற இலக்கங்களையும் சரிபார்ப்பு இலக்கத்தையும் வைத்து, கெட்ட இலக்கம் எது என்று கணக்கிட்டு மீட்கவும் முடியும்.

1983இல் ஜிப் கோடு ஒன்பது இலக்கமாக நீண்டது. பிறகு வீட்டெண்ணின் கடைசி இலக்கங்களும் சேர்ந்து பதினோரு இலக்கமாயிற்று. கோடுகள் 62 ஆயின. அதன் பயன் 1990களில் தெரிந்தது. மணிக்கு முப்பதாயிரத்துக்குமேல் உறைகளைப் படிக்கும் பிரிப்பு இயந்திரங்கள், ஒரு தபால்காரர் நடக்கும் வரிசையிலேயே வீடு வீடாகக் கடிதங்களை அடுக்கித் தந்தன. அதுவரை தபால்காரர் காலையில் தம் மேசையில் நின்று கையால் செய்துவந்த வேலை அது. இயந்திரம் படிக்க முடியாத கையெழுத்து முகவரிகளின் படங்களைத் தொலைவிலிருந்த மையங்களில் ஆட்கள் திரையில் பார்த்துத் தட்டச்சு செய்தார்கள். அத்தகைய மையங்கள் உச்சக்கட்டத்தில் 55 இருந்தன. கையெழுத்தைப் படிக்கும் மென்பொருள் தேறத் தேற அவை மூடப்பட்டு, 2013இல் இரண்டு எஞ்சின.

இதை ஆட்குறைப்பின் கதையாகச் சொல்வோரின் வாதத்துக்கு இது வலுவான சான்று. ஆனால் காலத்தைக் கவனிக்க வேண்டும். பிரிப்பில் மனித உழைப்பைப் பெருமளவு குறைத்தது பழைய பார்கோடும் எழுத்துணரி மென்பொருளும்தான். 65 கோடுகள் வரும்போது அந்த வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது. புதிய பார்கோட்டின் நோக்கம் வேறு.

கோடுகளுக்குள்

போஸ்ட்நெட்டுக்குத் தெரிந்தது ஒன்றே: இந்த உறை எங்கே போகவேண்டும். யார் அனுப்பியது, எந்தக் கட்டில் வந்தது, இதே ஊருக்குப் போகும் ஆயிரம் உறைகளில் இது எது என்பது அதற்குத் தெரியாது. பின்தொடர விரும்பிய பெரிய நிறுவனங்களுக்காக பிளானெட் என்று இன்னொரு பார்கோடு தனியாக வந்தது. போஸ்ட்நெட்டைத் தலைகீழாக்கியது போன்ற அமைப்பு அதற்கு: ஐந்தில் மூன்று உயரம், இரண்டு குட்டை. ஆக ஒரே உறையில் இரண்டு பார்கோடுகள். முகவரிக்கும் விளம்பரத்துக்கும் எஞ்சும் இடம் குறைந்தது.

புதிய குறியீடு இரண்டையும் ஒன்றாக்கியது. ஒரு கோட்டுக்கு நான்கு நிலைகள் என்று வைத்ததால் அதே நீளத்தில் இருமடங்கு தகவலை அடக்க முடிந்தது. பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் நான்கு நிலைக் கோடுகளை முன்பே பயன்படுத்திவந்தன. அமெரிக்கா அந்த வழிக்குத் தாமதமாக வந்தது. இதில் அடங்குவது 31 இலக்கம். முதல் 2 இலக்கம் முன்பிரிப்பு நிலையைக் குறிக்கும். அடுத்த 3 தபாலின் வகையையும் கோரப்படும் சேவையையும் சொல்லும். பிறகு அனுப்புநரின் அடையாள எண். அதன்பின் உறையின் வரிசை எண். கடைசியில் ஜிப் கோட்டின் 11 இலக்கம் வரை. ஓர் இலக்கத்தின் கோடுகள் ஒரே இடத்தில் கூடியிருப்பதில்லை. தகவல் பத்துத் துண்டுகளாக்கப்பட்டு 65 கோடுகளுக்குள்ளும் சிதறி வைக்கப்படுவதால், ஓரிடத்தில் மை பரவினாலும் ஒரு துண்டு முழுதாக அழிந்துபோகாது. பொறியியல் வேலை என்ற அளவில் இதில் குறைசொல்ல அதிகம் இல்லை.

அனுப்புநர் எண், வரிசை எண் ஆகிய இரண்டும் நின்று பார்க்கத் தக்கவை. இரண்டுக்கும் சேர்த்து 15 இலக்கம். ஆண்டுக்கு ஒரு கோடிக்குமேல் உருப்படிகள் அனுப்புவோருக்கு 6 இலக்க அடையாள எண் கிடைக்கும். வரிசை எண்ணுக்கு 9 இலக்கம் மிஞ்சும். அதாவது நூறு கோடி தனித்த எண்கள். அதற்குக் குறைவாக அனுப்புவோருக்கு 9 இலக்க அடையாளம். வரிசைக்கு 6 இலக்கம், பத்து லட்சம் எண்கள். முழுச் சேவை என்ற உயர்நிலையில் சேர்ந்தவர் ஓர் உறைக்குக் கொடுத்த எண்ணை 45 நாள்களுக்கு வேறெந்த உறைக்கும் கொடுக்கக் கூடாது. பெரியவர், சிறியவர் என்ற வேறுபாடு இப்படி உறைமேலேயே எழுதப்பட்டுவிடுகிறது. இதை மட்டும் வைத்து அநீதி என்று சொல்வது மிகை. பத்து லட்சம் எண்கள் பெரும்பாலான சிறு அனுப்புநர்களுக்கு ஏராளம். ஆனால் போஸ்ட்நெட்டில் இல்லாத ஒன்று இங்கே நுழைந்திருக்கிறது. முன்பு பார்கோடு அச்சிடும் வேலை முகவரி தெரிந்தால் முடிந்தது. இனி, எந்த எண்ணை எந்த உறைக்கு எந்த நாளில் கொடுத்தோம் என்று அனுப்புநர் பதிவேடு வைக்க வேண்டும்.

முழுச் சேவை: யாருக்கு எவ்வளவு

2009இல் முழுச் சேவை தொடங்கியபோது அடிப்படை நிலை, முழு நிலை என இரண்டு வழிகள் இருந்தன. அடிப்படை நிலையில் புதிய பார்கோட்டை அச்சிட்டால் போதும். எல்லா உறைக்கும் ஒரே வரிசை எண் இருந்தாலும் தடையில்லை. முழு நிலையில் ஒவ்வோர் உறைக்கும் தனி எண். உறைகளை அடுக்கும் ஒவ்வொரு ட்ரேக்கும் தனி பார்கோட்டுச் சீட்டு. ட்ரேக்களை ஏற்றும் ஒவ்வொரு பேலட்டுக்கும் தனி அட்டை. எந்த உறை எந்த ட்ரேயில், எந்த ட்ரே எந்தப் பேலட்டில் என்பதைச் சொல்லும் மின்னணு ஆவணத்தைத் தபாலோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். தபாலைத் தயாரித்தவர் யார், உண்மையில் அது யாருடையது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

இதற்கு ஈடாகக் கிடைத்தது என்ன? தொடக்கத்தில் முதல் வகுப்புக் கடிதம் ஒன்றுக்கு 0.3 சென்ட், விளம்பரத் தபாலுக்கு 0.1 சென்ட் கூடுதல் சலுகை. பத்தாயிரம் உறை அனுப்பும் ஓர் அறக்கட்டளைக்கு முதல் வகுப்பில் மிச்சம் 30 டாலர், விளம்பர வகுப்பில் 10 டாலர். ஒரு கோடி கடிதம் அனுப்பும் வங்கிக்கு 30,000 டாலர். மென்பொருளை மாற்றுவதும் ஆளைப் பயிற்றுவதும் இருவருக்கும் பொதுவான செலவு. உறைகளின் எண்ணிக்கையைப் போல அது ஆயிரம் மடங்கு வேறுபடுவதில்லை. சிறு அனுப்புநரின் குறை வெறும் முணுமுணுப்பல்ல, கணக்கு என்பது இந்த ஓர் ஒப்பீட்டிலேயே தெரியும்.

சலுகையைத் தவிர வேறு பயன்களும் உண்டு, அவற்றையும் எடைபோட வேண்டும். முகவரி மாறியவர்களின் புதிய முகவரி முழுச் சேவையில் கட்டணமின்றிக் கிடைத்தது. அஞ்சலகம் தபாலை எப்போது ஏற்றுக்கொண்டது என்ற பதிவும் கிடைத்தது. விலைப்பட்டியல் அனுப்பும் ஒரு பெரிய நிறுவனத்துக்கு, அது எந்த ஊரில் எந்த நாளில் போய்ச் சேரும் என்று தெரிந்தால் தொலைபேசி ஆர்டர் எடுக்க எத்தனை பேரை அமர்த்துவது என்று தீர்மானிக்கலாம். கடன் அட்டை நிறுவனம், வாடிக்கையாளர் பணம் செலுத்திய உறை ஏற்கெனவே வழியில் இருக்கிறது என்று கண்டு நினைவூட்டலை நிறுத்திவைக்கலாம். உண்மையான பயன்கள்தான் இவை. ஆனால் இவற்றை அனுபவிக்க, வந்து குவியும் ஸ்கேன் பதிவுகளைப் படித்துப் பயன்படுத்தும் ஆளும் கணினியும் முதலில் வேண்டும். ஆண்டுக்கு நான்கு முறை நன்கொடை வேண்டிக் கடிதம் அனுப்பும் அமைப்பிடம் அவை இருப்பதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். சிறு அனுப்புநர் பெரும்பாலும் தானே பார்கோடு அச்சிடுவதில்லை. பலருடைய தபாலைச் சேர்த்துப் பிரித்துக் கொடுக்கும் இடைநிலை நிறுவனங்களிடம் விடுகிறார். செலவு அங்கே பலர்மேல் பரவுகிறது. இது சரியான மறுப்பு. சிறியவர்களின் சுமை பற்றிய பேச்சில் இதைக் கணக்கில் எடுக்காமல் விடுவது நேர்மையாகாது. ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. இடைநிலை நிறுவனத்தின் அடையாள எண்ணில் போகும் தபாலின் பதிவுகள், உரிமையாளரின் எண் ஆவணத்தில் தனியாகக் குறிக்கப்படாவிட்டால், அந்த நிறுவனத்துக்கே போய்ச் சேரும். தன் தபால் எங்கே இருக்கிறது என்ற அறிவைச் சிறு அனுப்புநர் இன்னொருவரிடம் கேட்டுப் பெற வேண்டியவராகிறார். வெளிச்சத்தின் கதை எல்லோருக்கும் ஒரே அளவு வெளிச்சம் தரவில்லை.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம், முக்கியமான இடர்களைக் கவனிக்காவிட்டால் எதிர்பார்த்த பயன்கள் கிட்டாமல் போகலாம் என்று 2009 மே மாதமே தன் அறிக்கையின் தலைப்பில் எச்சரித்தது. சரிபார்ப்பின் திசையும் மெல்ல மாறியது. முன்பு ஏற்பு மேசையில் எழுத்தர் சில ட்ரேக்களை எடுத்துச் சோதிப்பார். இப்போது பிரிப்பு இயந்திரங்கள் ஓடும்போதே கிடைக்கும் ஸ்கேன்களை மின்னணு ஆவணத்தோடு ஒப்பிட்டு, அனுப்புநருக்கு மாத மதிப்பெண் அட்டை தயாராகிறது. பிழை வரம்பைத் தாண்டினால் கூடுதல் கட்டணம். அஞ்சல் சேவையைக் கண்காணிக்க வந்ததாகச் சொல்லப்பட்ட கோடுகள் அனுப்புநரையும் அதே கூர்மையோடு கண்காணிக்கின்றன.

நிபந்தனையா, விலையா

2013இல் அஞ்சல் சேவை அடுத்த அடியை எடுத்துவைக்க முயன்றது. 2014 ஜனவரி 26 முதல் தானியங்கிச் சலுகை வேண்டுமானால் முழுச் சேவை கட்டாயம் என்று அறிவித்தது. இங்கேதான் பார்கோடு பொறியாளர் கையிலிருந்து வழக்கறிஞர் கைக்குப் போனது.

2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, அஞ்சல் சேவை ஏகபோகமாக நடத்தும் தபால் வகுப்புகளின் கட்டணம் அன்று விலைவாசிக் குறியீட்டுக்குமேல் உயரக்கூடாது என்றிருந்தது. அதைக் கண்காணிப்பது அஞ்சல் ஒழுங்குமுறை ஆணையம். இப்போது ஓர் அனுப்புநரை எடுத்துக்கொள்வோம். அவர் அடிப்படை நிலையில் பார்கோடு அச்சிட்டுச் சலுகை பெற்றுவருகிறார். ஜனவரி 26 அன்று எதையும் மாற்றாமல் அதே உறைகளைக் கொண்டுவருகிறார். அவருக்கு இனி சலுகை இல்லை. கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். கட்டண அட்டையில் எந்த எண்ணும் மாறவில்லை, ஆனால் அவர் கொடுக்கும் பணம் கூடிவிட்டது. இது கட்டண உயர்வா?

தபாலைத் தயாரிக்கும் முறை பற்றிய விதிதான், கட்டணம் அல்ல என்றது அஞ்சல் சேவை. கட்டண உயர்வுதான், வரம்புக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2013 நவம்பரில் ஆணையம் தீர்ப்பளித்தது. சேர்த்தால் மற்றக் கட்டணங்களை உயர்த்த இடமிருக்காது. அஞ்சல் சேவை கட்டாயத்தைத் தள்ளிவைத்துவிட்டு நீதிமன்றம் போயிற்று. 2015இல் கொலம்பியா வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இரு தரப்புக்கும் பாதி பாதி கொடுத்தது: தயாரிப்பு விதி மாற்றத்தைக் கட்டண மாற்றமாகக் கருத ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் எந்த விதி விலையாகும், எது ஆகாது என்று பிரித்தறியும் அளவுகோலை ஆணையம் புரியும்படி சொல்லவில்லை, திரும்பவும் ஆராயட்டும். 2016இல் ஆணையம் ஓர் அளவுகோலை வகுத்தது. 2018இல் அதே நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை.

நீதிமன்றத்தின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. மாற்றாமல் கொண்டுவருபவர் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தால் அது உயர்வு என்ற எளிய அளவுகோலை வைத்தால், 2013 ஜனவரியில் போஸ்ட்நெட்டை நீக்கியதும் உயர்வாகிவிடும். உறையின் பருமன் பற்றிய திருத்தமும் உயர்வாகும். எந்த நிறுவனமும் அப்படி ஒரு விதிக்குக் கட்டுப்பட்டு இயந்திரங்களைப் புதுப்பிக்க முடியாது.

ஆனால் ஆணையம் கண்ட பிரச்சினை அதனால் பொய்யாகிவிடாது. இரண்டு மாற்றங்களின் தன்மை வேறு. போஸ்ட்நெட்டிலிருந்து அடிப்படை நிலைக்கு மாறுவது ஒருமுறைச் செலவு: புதிய எழுத்துரு, புதுப்பித்த மென்பொருள், சில நாள் சோதனை ஓட்டம். அதன்பின் வேலை பழையபடிதான். அடிப்படை நிலையிலிருந்து முழு நிலைக்கு மாறுவது ஒவ்வொரு முறையும் திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய உழைப்பு: தனி எண் கொடுப்பது, பதிவேடு காப்பது, ட்ரே சீட்டை உறையோடு பொருத்துவது, ஆவணம் அனுப்புவது, மதிப்பெண் அட்டையில் வரும் பிழைக்குப் பதில் சொல்வது. இந்தத் தொடர் உழைப்பு முன்பு யாரும் செய்யாதது. அதில் பிறக்கும் தகவலின் முதல் பயனாளி அஞ்சல் சேவைதான். ஒருமுறை மாற்றத்தைத் தயாரிப்பு விதி என்றும், தொடர் உழைப்பைச் சுமத்துவதை விலை என்றும் பிரித்திருந்தால் வழக்கு ஐந்தாண்டு அலைந்திருக்க வேண்டியதில்லை என்பது என் கணிப்பு. அந்த எல்லைக்கோட்டிலும் சந்தேகத்துக்கிடமான இடங்கள் வரும். ஆனால் முழுச் சேவை அப்படிப்பட்ட இடம் அல்ல. 1976இன் வேலைப் பகிர்வில் அனுப்புநர் தாமாக முன்வந்து வேலை செய்தார், சலுகை பெற்றார். 2013இன் முயற்சி, பெற்றுவந்த சலுகையைத் தக்கவைக்கவே கூடுதல் வேலை கேட்டது. ஏற்பாட்டின் அடிப்படை அங்கே புரண்டுவிடுகிறது.

ஸ்கேன் எதற்குச் சான்று

முழுச் சேவையின்மேல் அஞ்சல் சேவைக்கு இவ்வளவு ஆர்வம் இருந்ததற்குச் செயல்திறன் மட்டும் காரணம் அல்ல. அளவீடும் ஒரு காரணம். 1990 தொடங்கி முதல் வகுப்புத் தபாலின் வேகத்தை வெளி நிறுவனம் ஒன்று அளந்தது. அதன் ஆட்கள் ஊர் ஊராகப் பெட்டிகளில் சோதனைக் கடிதங்களைப் போடுவார்கள், வேறு ஆட்கள் வீடுகளில் அவை வந்த நாளைக் குறிப்பார்கள். மொத்தத் தபாலுக்கு அப்படி ஓர் அளவீடு இல்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதையும் கேட்டது. உறைக்கு உறை தனி எண் இருந்தால், தபாலை ஏற்றுக்கொண்ட நேரத்தையும் கடைசி இயந்திரத்தில் படித்த நேரத்தையும் வைத்துக் கணக்கிடலாம். 2018 அக்டோபரிலிருந்து முதல் வகுப்புத் தபாலையும் அஞ்சல் சேவை தன் சொந்த ஸ்கேன்களைக் கொண்டே அளக்கத் தொடங்கியது.

தன் வேகத்தைத் தானே அளப்பதிலுள்ள சிக்கல் வெளிப்படை. அதைவிட ஆழமான சிக்கல், எது அளக்கப்படுகிறது என்பது. முழுச் சேவையில் சேராத மொத்தத் தபால் இந்த அளவீட்டுக்குள் வருவதில்லை. ஆவணத்தில் பிழையிருந்தால் அதுவும் வெளியே. பெரிய, ஒழுங்கான, முன்பிரித்த தபாலே அளவீட்டுக்குள் வரும். கடிதம் இயந்திரத்தை விட்டு இறங்கியபின் நடப்பதும் நேரடியாகத் தெரியாது. பின்தொடர்தல் பதிவில் காணும் பட்டுவாடா என்ற நிகழ்வு பெரும்பாலும் ஊகம்: தபால்காரரின் கைக்கருவி அந்தப் பகுதியைக் கடந்ததும், அவருடைய கட்டில் இருந்ததாக அறியப்பட்ட கடிதங்களைப் பட்டுவாடா ஆனதாகக் கணினி எழுதிவிடுகிறது. எந்தத் தபால்காரரும் அந்த உறையைப் பெட்டியருகே நின்று ஸ்கேன் செய்யவில்லை. நியாயமான ஊகம்தான், ஆனால் ஒரு தகராறு வரும்போது அது ஊகம் என்பது மறக்கப்படுகிறது.

அப்படி ஒரு தகராறு 2020 தேர்தலில் வந்தது. பெருந்தொற்று காரணமாகத் தபால் வாக்கு பெருகியிருந்தது. தேர்தல் நாளான நவம்பர் 3 அன்று, உள்ளே வந்ததற்கு ஸ்கேன் இருந்து வெளியே போனதற்கு ஸ்கேன் இல்லாத வாக்குச்சீட்டு உறைகள் ஏறத்தாழ 3,00,000 என்று நீதிமன்றத்தில் தெரியவந்தது. பன்னிரண்டு அஞ்சல் மாவட்டங்களில் மையங்களை உடனே சோதித்து, மிஞ்சியவற்றை எடுத்து அனுப்புமாறு நீதிபதி எம்மெட் சல்லிவன் உத்தரவிட்டார். மூன்று லட்சம் வாக்குகள் காணாமல் போயின என்று செய்தி பரவியது.

அஞ்சல் சேவையின் விளக்கம் வேறு. வாக்குச்சீட்டுகளை விரைவாகச் சேர்க்கவே பணியாளர்கள் அவற்றைக் கையால் ஒதுக்கி, வழக்கமான இயந்திர ஓட்டத்துக்கு வெளியே நேராகத் தேர்தல் அலுவலகங்களுக்கு அனுப்பினார்கள். இயந்திரத்தில் ஓடாததால் கடைசி ஸ்கேன் இல்லை. அதாவது மிகுந்த அக்கறையோடு கையாளப்பட்ட உறையே, பதிவேட்டில் தொலைந்த உறையாகத் தெரிந்தது. இந்த விளக்கம் நம்பத்தக்கது. ஆனாலும் இதில் அஞ்சல் சேவைக்கும் பங்கு உண்டு. ஸ்கேன் இருந்தால் கடிதம் போய்ச் சேர்ந்தது என்று பத்தாண்டுக்குமேல் வாடிக்கையாளர்களிடம் சொல்லிவந்த அமைப்பு, ஸ்கேன் இல்லாவிட்டாலும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று ஒரே நாளில் நீதிபதியை ஏற்கவைப்பது கடினம்.

தேர்தலுக்குப்பின் அஞ்சல் சேவை வெளியிட்ட கணக்கு, வாக்காளரிடமிருந்து தேர்தல் அலுவலருக்குப் போன சீட்டுகளில் 99.89 விழுக்காடு ஏழு நாளுக்குள் சேர்ந்தன என்கிறது. குறைந்தது 13.5 கோடி வாக்குச்சீட்டு உறைகளைக் கையாண்டதாகவும் அது சொன்னது. அந்தக் ‘குறைந்தது’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அது சரியான பார்கோடு இருந்ததால் வாக்குச்சீட்டு என்று அடையாளம் காண முடிந்த உறைகளின் எண்ணிக்கை. சரியான பார்கோடு இல்லாத சீட்டுகள் எத்தனை, அவை எத்தனை நாளில் சேர்ந்தன என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது.

அப்படிப்பட்டவை சிறு எண்ணிக்கை என்று எண்ண இடமில்லை. அஞ்சல் சேவையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2020 ஆகஸ்ட் இறுதியில் வெளியிட்ட தணிக்கை அறிக்கை, 2018 தேர்தலில் தபாலில் போன வாக்குச்சீட்டுகளில் சுமார் 13 விழுக்காடு மட்டுமே பின்தொடரத்தக்க பார்கோட்டைப் பயன்படுத்தின என்று கண்டது. காரணங்கள் பழக்கப்பட்டவை: பல தேர்தல் அலுவலகங்களிடம் அதற்கான பணமோ, தொழில்நுட்பமோ, விவரமோ இருக்கவில்லை. அமெரிக்காவில் தேர்தலை நடத்துபவை பெரும்பாலும் கவுண்டி எனப்படும் மாநில உட்பிரிவுகளின் அலுவலகங்கள். சில ஆயிரம் உறைகளை இரண்டாண்டுக்கு ஒருமுறை அனுப்பும் ஒரு கவுண்டி எழுத்தர், நன்கொடை வேண்டிக் கடிதம் அனுப்பும் அறக்கட்டளையின் நிலையில்தான் இருக்கிறார். கடிதம் ஒன்றுக்கு 0.3 சென்ட் போன்ற சலுகை அவருடைய உறைமேல் தனி எண்ணைக் கொண்டுவராது. ஒரு வாக்குச்சீட்டு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டியது வாக்காளருக்கும் நீதிமன்றத்துக்கும் அஞ்சல் சேவைக்குமே. அதற்கான உழைப்பின் செலவை மட்டும் கவுண்டியின் வரவுசெலவில் விட்டுவைப்பதற்கு வேலைப் பகிர்வின் தர்க்கத்தில்கூட இடமில்லை. வாக்குச்சீட்டு உறைகளைப் பொறுத்தவரை, எண் கொடுப்பதும் அச்சிடுவதும் ஆவணம் தயாரிப்பதும் பொது நிதியில் நடக்க வேண்டும். கட்டணச் சலுகையின் கணக்கிலிருந்து அவற்றை முழுதாக வெளியே எடுக்க வேண்டும்.